இரண்டு பெல்லுக்கு நடுவே

ஒன்றாம் வகுப்பில் நடக்கும் சண்டைகளைக் கவனித்துப் பாருங்கள். பாடம் நடக்கும்போது வருபவை குறைவு. பை வைக்கும் மூலையில், குழாயடியில், தட்டு வாங்கும் வரிசையில், விளையாடிவிட்டு உள்ளே வரும் வாசலில், சாயங்காலம் செருப்புத் தேடும் இடத்தில்தான் தள்ளுமுள்ளு, அழுகை, "மிஸ், இவன் என்னைக் கிள்ளிட்டான்" எல்லாம். கால அட்டவணையில் பெயரில்லாத இந்தத் துண்டு நேரங்களையும் சாப்பாட்டு நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஐந்து வயதுப் பிள்ளை பிறரோடு பழகக் கற்றுக்கொள்வது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். நீதிக்கதையும் பிரேயரில் பேசும் ஒழுக்கப் பேச்சும் செய்யாததை, குழாய் எத்தனை இருக்கிறது, வரிசையில் முதலில் நிற்பது யார், தட்டு யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் செய்துவிடும்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளை, அதிலும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, மனதில் வைத்து. தனியார் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்; அங்கே டையும் பெல்ட்டும் கூடுதல் தொல்லை, அவ்வளவுதான்.

முதலில் நிலவரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால் ஒருவர் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருப்பார் என்று அர்த்தம். ஆகவே "உதவி ஆசிரியரை அருகில் நிற்கச் சொல்லுங்கள்" என்று தொடங்கும் எந்த ஆலோசனையும் இங்கே செல்லாது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. படிப்புக்கு நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் ஒரு நாளில் பல தடவை எழுந்து இடம் மாறுகிறார்கள். ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு சண்டைக்கான வாய்ப்பு. அதைத் திட்டமிடாவிட்டால் 40 நிமிடத்தில் 10 நிமிடம் இடம் மாறுவதிலேயே போய்விடும்.

சேரும் பிள்ளைகளும் ஒரே மாதிரி வருவதில்லை. அங்கன்வாடியில் இருந்தவர்களுக்கு வட்டமாக உட்காரத் தெரியும், தட்டைக் கழுவத் தெரியும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்துவிட்டு வருபவர்களுக்கு ஏபிசிடி தெரியும், தானாகச் சாப்பிடத் தெரியாமல் இருக்கலாம். வீட்டிலிருந்து நேராக வரும் பிள்ளைக்கு முப்பது பேர் இருக்கும் அறையின் இரைச்சலே புதிது. விஜயதசமிக்குச் சேர்பவர்களை மறந்துவிடுகிறோம். மற்றவர்கள் நான்கு மாதத்தில் பழகிய எல்லாவற்றையும் அவர்கள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் வீட்டில் அ, ஆ எழுதவைப்பதைவிட வேறு சில காரியங்களுக்கு நேரம் கொடுக்கலாம். வாட்டர் பாட்டில் மூடியைத் தானே திறந்து, திரும்பவும் சிந்தாமல் மூடத் தெரிய வேண்டும். டிராயரை இறக்கவும் ஏற்றவும் தெரிய வேண்டும்; கொக்கியும் ஜிப்பும் உள்ள சீருடை டிராயர் ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம், முதல் வருடத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து, தானே கால் கழுவிக்கொண்டு, ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு வரத் தெரிய வேண்டும். தன் பெயரையும் அப்பா அம்மா பெயரையும் முகம் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். "எனக்கு ஒன்னுக்கு வருது", "எனக்கு வலிக்குது", "எனக்கு இன்னும் வேணும்" என்ற மூன்றையும் அம்மா அல்லாத ஒரு பெரியவரிடம் கேட்கும் பழக்கம் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். பக்கத்துக் கடையில் தானே பேசி ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவரச் சொல்வது அதற்கு நல்ல ஒத்திகை.

முதல் வார அழுகை. கேட்டில் நின்று அழும் பிள்ளையைப் பார்த்துவிட்டு அரைமணி நேரம் ஜன்னல் ஓரம் நிற்கும் அம்மா, பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால், அழுகையை நீட்டித்துவிடுகிறார். அதைவிடக் கெடுதல், பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கும்போது நைசாக நழுவிவிடுவது. மறுநாள் அந்தப் பிள்ளை புடவையை விடவே விடாது, ஏனென்றால் கையை விட்டால் ஆள் காணாமல் போவார் என்று நேற்றுதான் கற்றுக்கொண்டது. சொல்லிவிட்டுப் போக வேண்டும். தினமும் ஒரே வாக்கியத்தில், ஒரே இடத்தில் நின்று சொல்ல வேண்டும். "சீக்கிரம் வந்துடறேன்" என்பது ஐந்து வயதுக்கு ஒன்றும் புரியாத வார்த்தை, மணிக்கணக்கும் அப்படியே. "சாப்பிட்டு, கதை கேட்டு, விளையாடி முடிச்சதும் இந்த வேப்பமரத்தடியில நான் நிப்பேன்" என்றால் புரியும். சொன்னபடி அந்த மரத்தடியில் நிற்கவும் வேண்டும்; பத்து நிமிடம் பிந்தினால் முதல் வாரத்தின் உழைப்பு வீண். ஆசிரியர் தரப்பில் செய்யக்கூடியது, அழும் பிள்ளையின் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது. சாக்பீஸ் டப்பாவை மேஜையில் கொண்டுபோய் வை, இந்தப் பாயை விரி. "அழாதே, பார் எல்லாரும் சிரிக்கிறாங்க" என்பதை மட்டும் சொல்லாமல் இருங்கள். அதற்கு முன் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பிள்ளைதான் அதிகம் நச்சரிக்கும். "மிஸ், எப்போ சாப்பாடு? மிஸ், எப்போ வீடு?" ஒரு கொடிக்கயிறு, ஏழெட்டுத் துணிக் கிளிப்புகள், கையகல அட்டைகளில் படங்கள் போதும்: பை, தட்டு, வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், புத்தகம், குழாய், சோறு, பந்து, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்துபோய் அந்த அட்டையைத் திருப்பி மாட்ட வேண்டும். கயிறு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அதுதான் அந்த வயதின் கண் மட்டம். பல வகுப்பறைகளில் அழகழகான படங்கள் கரும்பலகைக்கு மேலே, பெரியவர்கள் பார்ப்பதற்கு வசதியாக ஒட்டியிருக்கும். ஆய்வுக்கு வருபவர்களுக்கு அது பிடிக்கும். அட்டை எட்டுக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கு வரிசை பிடிபடாது. பி.டி. பீரியட் ரத்தானால் காலையிலேயே பந்து அட்டையை எடுத்துவிட்டுச் சொல்லிவிடுங்கள். மதியம் சொன்னால் அழுகை வரும்.

"எல்லாரும் நோட்டை மூடி பையில வச்சிட்டு பென்சிலை டப்பாவுல போட்டுட்டு கை கழுவ லைன்ல வாங்க." இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு வேலை இருக்கிறது. ஐந்து வயதில் ஒரே மூச்சில் இரண்டுதான் நிற்கும். கடைசியாகக் கேட்ட "வாங்க" மட்டும் காதில் தங்கி, பாதிப் பேர் நோட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார்கள். அதற்குத் திட்டும் விழும். "நோட்டை மூடுங்க" என்று சொல்லி, எல்லா நோட்டும் மூடும் வரை காத்திருந்து, பிறகு "பையில வைங்க" என்பது மெதுவாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தால் இதுதான் வேகம். மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஒரு அறிவிப்பு வேண்டும், ஏனென்றால் படம் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் திடீரென்று கிரேயானைப் பிடுங்கினால் அது எதிர்க்கத்தான் செய்யும். குரலை உயர்த்துவதற்குப் பதில் கைதட்டல் தாளம் ஒன்று வைத்துக்கொள்ளலாம்: ஆசிரியர் தட்டுவார், பிள்ளைகள் திருப்பித் தட்டுவார்கள். கை தட்டும்போது கையில் வேறெதுவும் இருக்க முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். மாதத்துக்கு ஒருமுறை தாளத்தை மாற்றுங்கள், பழகிப்போனால் காதில் விழாது.

வரிசையில் சண்டை வருவது முதலிடத்துக்காக. "யாரு முதல்ல வர்றாங்களோ பார்ப்போம்" என்று சொல்லி ஓடவிட்டுவிட்டு, ஓடியதற்குக் கண்டிப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்க்கலாம். முதலிடத்தைப் போட்டியிலிருந்து எடுத்து அட்டவணையில் போட்டுவிட்டால் முடிந்தது. இன்றைக்கு வரிசையின் தலை யார் என்பது வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, தினம் ஒருவர். அதேபோல் கடைசி ஆளுக்கும் ஒரு பதவி கொடுங்கள்: விளக்கை, மின்விசிறியை அணைத்துக் கதவைச் சாத்தி வருவது. கடைசியில் நிற்க ஆள் தேட வேண்டியிருக்காது. முப்பது பேரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் தேவையில்லை. ஆறு ஆறு பேராக அனுப்பினால் ஒருவர் காத்திருக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும். அதற்கு மேல் காத்திருக்க வைத்தால் கை சும்மா இராது, முன்னால் நிற்பவளின் சடையில் போய் நிற்கும்.

கை கழுவுவதில் உள்ள கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. நனைத்து, இருபது வினாடி சோப்பு தேய்த்து, அலச ஒருவருக்கு நாற்பது வினாடி. முப்பது பேர், மூன்று குழாய் என்றால் குழாய்க்குப் பத்துப் பேர், 400 வினாடி. இடம் மாறும் நேரமும் சேர்த்து எட்டு நிமிடம். குழாய் ஒன்றுதான் வேலை செய்கிறது என்றால் இருபது நிமிடத்துக்கு மேல். சத்துணவு ஆறிப்போகும் அவசரத்தில் ஆசிரியரே "சீக்கிரம், சீக்கிரம்" என்பார், சோப்பு முதலில் கழன்றுகொள்ளும். ஒரே குழாய் உள்ள பள்ளியில் வேலையை உடைத்துப்போடுங்கள்: வரிசையின் தொடக்கத்தில் ஒரு பக்கெட்டும் மக்கும் வைத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையை நனைத்துவிடட்டும், பக்கத்தில் சோப்பு, பிறகு வரிசையில் நகர்ந்துகொண்டே தேய்க்க வேண்டியதுதான். குழாய் அலசுவதற்கு மட்டும், ஆளுக்குப் பத்து வினாடி. முப்பது பேரும் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். காத்திருக்கும் நேரமே தேய்க்கும் நேரமாகிவிடுவதால் கையும் சும்மா இல்லை, தள்ளவும் முடியாது. சோப்புக் கட்டியை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழாது, காணாமலும் போகாது.

சாப்பாடு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுக்கு முன்னால் இப்போது காலை உணவும் சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 1,545 பள்ளிகளில் நடந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது; பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வந்த பிள்ளைகள் பத்தரை மணிக்கு எரிச்சலில் அடித்துக்கொள்வது இதனால் குறைந்தது என்பதை ஒன்றாம் வகுப்பு எடுக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. பாடம் தொடங்குவதற்கு முன் அரைமணி நேரம் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பேசிச் சாப்பிட ஒரு இடம் கிடைத்தது. காலையில் பிள்ளையை இறக்கிவிடும்போதே பிரேயர் மணி அடித்துவிடுகிற வீடுகள் இதை இழக்கின்றன. வீட்டில் சாப்பிட்டாலும்கூட பிள்ளையை அந்த நேரத்துக்கு அனுப்பி வைப்பது நல்லது.

பரிமாறுவதில் தவறு நடப்பது இரண்டு இடத்தில். சூடான சாம்பார் ஊற்றிய தட்டை ஐந்து வயதுப் பிள்ளை கையில் கொடுத்து நடக்கச் சொல்வது ஒன்று. சிறியவர்களை முதலில் பந்தியாக உட்காரவைத்து, சோறு அவர்களிடம் வர வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மேல் வரிசையில் வந்து வாங்கட்டும். இன்னொன்று அளவு. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒதுக்கீடு 100 கிராம் அரிசி, வெந்த பிறகு கால் கிலோவைத் தாண்டும். அதை ஒரே குவியலாகப் போட்டால் சின்னப் பிள்ளை மலைத்துப்போகும், மீதியைப் புங்கமரத்தடியில் கொட்டும், "சோத்தை வீணாக்குறியா" என்று வசை வாங்கும். பாதி அளவு போட்டு, முடித்ததும் "இன்னும் வேணும்" என்று கேட்கவைத்தால் வீணாவது குறையும். கூச்சமுள்ள பிள்ளை வாய் திறந்து கேட்பதற்கு இதைவிட நல்ல பயிற்சியும் கிடையாது. முட்டையைக் கடைசிவரை வைத்திருந்து சாப்பிடும் பிள்ளையின் தட்டிலிருந்து அதைத் தட்டிப்போகும் பக்கத்து ஆள் எல்லா வகுப்பிலும் உண்டு. இருவரையும் தள்ளி உட்காரவைப்பதைவிட, முட்டையை எல்லோர் தட்டிலும் ஒரே நேரத்தில் வைத்துவிடுவது எளிது.

யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதை இங்கே பிள்ளைகளின் விருப்பத்துக்கு முழுக்க விட்டுவிடக் கூடாது. தெருவாரியாகச் சேர்ந்து வருபவர்கள் தெருவாரியாகவே உட்காருவார்கள், நம் ஊரில் தெரு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சாதிப் பகையில் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பில் அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. அதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளைச் சுற்றியே நடந்தது. என் பார்வையில் அகரவரிசை ஒன்றாம் வகுப்பின் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து தொடங்க வேண்டும், திங்கட்கிழமைதோறும் ஓர் இடம் நகர வேண்டும். ஆறு வயதில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவனைப் பதினாறு வயதில் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாட நேரத்துக்கும் பந்திக்கும் இரண்டு வெவ்வேறு இருக்கை முறை வைத்தால் ஒரு பிள்ளைக்கு நான்கு பக்கத்து ஆட்கள் கிடைப்பார்கள்.

கழிப்பறை பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனால் வகுப்பில் ஒதுக்கப்படும் பிள்ளையின் கதை பல சமயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு தடவை உடையிலேயே போய்விட்டால் அந்தப் பட்டப்பெயர் மூன்றாம் வகுப்பு வரை கூட வரும். 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கலங்களும் என்பது தூய்மைப் பள்ளி வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு. கணக்குச் சரியாக இருக்கும் பள்ளியிலும் இன்டர்வெல் பத்து நிமிடத்தில் பெரிய பிள்ளைகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சின்னவர்கள் போகாமலே திரும்பிவிடுவார்கள். பதினைந்து நிமிடம் கழித்துச் சுண்டுவிரலைக் காட்டினால் "இன்டர்வெல்ல என்ன பண்ணின?" என்ற கேள்வி வரும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பை மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே அனுப்பிவிடுங்கள். இருவர் இருவராகப் போகட்டும். தனியாகப் போகப் பயப்படும் பிள்ளைகள் நிறைய. அனுமதி கேட்காமல் போக, வாசலருகே ஆணியில் இரண்டு வளையல்கள் மாட்டிவையுங்கள்: ஒன்றை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு போவது, வந்ததும் மாட்டுவது. வளையல் இல்லையென்றால் யாரோ வெளியே இருக்கிறார்கள். முதல் வாரம் எல்லோரும் வளையலுக்காகவே போவார்கள், இரண்டாம் வாரம் சலித்துவிடும். அலமாரியில் இரண்டு மாற்று டிராயர்கள் இருந்தால், விபத்து நடந்த பிள்ளையை யாரும் கவனிப்பதற்குள் மாற்றிவிடலாம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் இதனோடு சேர்ந்த விஷயம். கழிப்பறைக்குப் பயந்த பிள்ளை தண்ணீரைத் தொடாது, தண்ணீர் குடிக்க நினைவூட்டும் வாட்டர் பெல் எத்தனை தடவை அடித்தாலும்.

ஆசிரியர் வெளியே போகும்போது லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, பேசுபவர்கள் பெயரைப் போர்டில் எழுதச் சொல்வது நம் பள்ளிகளின் பழைய வழக்கம். மிக அதிகம் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள். இதை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும் என்பேன். லீடராக இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிகாரத்தின் மிக மோசமான பாடம் அது: நண்பன் பெயரை அழிக்கலாம், பிடிக்காதவள் வாயைத் திறக்காவிட்டாலும் எழுதலாம், மிட்டாய் கொடுத்தால் விட்டுவிடலாம். மற்றவர்களுக்குக் கிடைக்கும் பாடம் அதைவிட மோசம். லீடர் வேண்டுமென்றால் வேலைகளுக்கு வையுங்கள்: தண்ணீர்க் குடம் பார்ப்பவர், பாய் விரிப்பவர், பென்சில் எண்ணுபவர், செருப்பு அடுக்குபவர், புதிதாக வந்தவருக்குத் துணை. வாரத்துக்கு ஆறேழு பதவிகள், ஒவ்வொரு திங்களும் மாற வேண்டும். நன்றாகப் படிப்பவர்களுக்கே எல்லாம் போய்விடாமல் இருக்கப் பெயர்களை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள்.

பென்சில் எண்ணுபவர் என்றது சும்மா இல்லை. ஒன்றாம் வகுப்பு வழக்குகளில் பாதி பென்சிலும் அழிப்பானும் பற்றியவை. ஆறு பேருக்கு ஒரு டப்பா, அதில் எட்டு பென்சில், இரண்டு அழிப்பான், ஒரு ஷார்ப்னர். காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்க வேண்டும். வீட்டிலிருந்து பூப்போட்ட பென்சில் வந்தால் அது பையிலேயே இருக்கட்டும். காணாமல் போனதைத் தேடுவதற்காக எல்லோர் பையையும் கொட்டிச் சோதனை போடுவது தேவையே படாது.

இனி புகார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது "மிஸ், இவன்..." வரும். எல்லாவற்றையும் விசாரித்தால் பாடம் நடக்காது, எதையும் விசாரிக்காமல் "போய் உட்காரு" என்றால் உண்மையிலேயே அடிபடும் பிள்ளை அடுத்த தடவை வராது. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி உதவும்: "நீ அவன்கிட்ட என்ன சொன்ன?" சும்மா மாட்டிவிட வந்தவர் பதில் இல்லாமல் திரும்பிவிடுவார். சொல்லத் தெரியாமல் வந்தவருக்கு வாக்கியத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும்: "நிறுத்து, எனக்குப் பிடிக்கல." அதைக் கூடவே போய் நின்று சொல்லவைக்க வேண்டும், முதல் மாதம் முழுக்க. சொன்ன பிறகும் நடந்தால், ரத்தம் வந்தால், ஒருவரை இருவருக்கு மேல் சேர்ந்து செய்தால், யாராவது உடம்பில் தொடக்கூடாத இடத்தில் தொட்டால், கேள்வி எதுவும் கேட்காமல் உடனே எழுந்து போக வேண்டும். இந்த நான்கையும் பிள்ளைகளிடமும் அடிக்கடி சொல்லி வையுங்கள், எதற்கு நேராக டீச்சரிடம் ஓடலாம் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

"சாரி சொல்லு" என்று கழுத்தைப் பிடித்துச் சொல்லவைக்கும் சாரிக்கு மதிப்பில்லை. அடித்தவன் அதைக் கடனே என்று முணுமுணுத்துவிட்டு, கணக்கு முடிந்தது என்று ஓடிவிடுவான். செய்ததைச் சரிசெய்யும் வேலை ஒன்று கொடுங்கள்: தட்டிவிட்ட கட்டைகளைத் திரும்ப அடுக்குவது, விழுந்தவளுக்குத் தண்ணீர் கொண்டுவருவது. அடிப்பதும் மட்டம் தட்டிப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். முட்டி போடவைப்பதும் அதில் சேரும் என்பதைச் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பகிர்ந்துகொள்ளச் சொல்வதும் இப்படித்தான். விளையாடிக்கொண்டிருப்பவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி அழுபவனிடம் கொடுத்தால், அழுதால் கிடைக்கும் என்பதை இருவருமே கற்றுக்கொள்வார்கள். முறை வைப்பதுதான் இந்த வயதுக்குப் புரியும். ஊஞ்சலா, இருபது ஆட்டம் எண்ணு. எண்ணுவது காத்திருப்பவரின் வேலை. கணக்கும் ஓடும், கண்ணுக்குத் தெரியும் முடிவும் இருக்கும்.

விளையாட்டைப் பொறுத்தவரை நம் கையில் ஏற்கெனவே நல்ல சரக்கு உண்டு. கொலகொலயா முந்திரிக்காவில் வட்டத்தில் உட்கார்ந்து பின்னால் பார்க்காமல் காத்திருக்க வேண்டும், துணி விழுந்ததும் பாய வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவர் இருவர்தான் ஓடுகிறார்கள், மற்றவர்கள் அடங்கி இருக்கிறார்கள்; ஜூன் மாதத்துக்கு அதுவே போதும். பூப்பறிக்க வருகிறோமில் இரண்டு அணி, பேச்சு, இழுப்பு, தோற்றவர் எதிர் அணியில் சேர்ந்துவிடுவார், ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. தோற்றதும் அழும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடையாது. மியூசிக்கல் சேரை இந்த வயதில் தவிர்ப்பது நல்லது: எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அதுதான் முதல் சுற்றிலேயே வெளியேறி மீதி நேரம் முழுக்கச் சுவரோரம் நிற்கும். கல்லா மண்ணா, நொண்டி எல்லாம் இரண்டாம் பருவத்துக்கு. யார் முதலில் பிடிப்பது என்பதற்கு சா பூ த்ரீ போட்டுக்கொள்ள எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் தலையிட்டு ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

சின்னத் தம்பி ஒட்டிக்கொண்டு வந்தால் தெருவில் என்ன செய்வார்கள்? ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், தொடலாம், அவுட் கிடையாது. ஓட முடியாத பிள்ளை, புதிதாக வந்த பிள்ளை, விதி இன்னும் புரியாத பிள்ளை யாரையும் வெளியே நிறுத்தாத அருமையான ஏற்பாடு. பெயர்தான் வேண்டாம், உடற்குறை உள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் அந்தப் பெயர் காயப்படுத்தும். "இவளுக்கு ரெண்டு லைஃப்" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளே புதுப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வருடம் முழுக்க ஒரே பிள்ளை அப்படியே இருந்தால் அது சேர்த்துக்கொள்வது ஆகாது. இரண்டாம் பருவத்தில் அந்தப் பிள்ளைக்கு உண்மையான வேலை ஒன்று, பிடிப்பவராகவோ எண்ணுபவராகவோ, கிடைக்க வேண்டும்.

காய் விடுவதும் பழம் விடுவதும் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழக்காடு மன்றம். காலையில் காய், மதியத்துக்குள் பழம். பெரியவர்கள் அதில் தலையிட்டு உடனே கைகோக்க வைக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பிள்ளைக்குக் காய் விட்டு, இரண்டாம் நாளும் அது தொடர்ந்தால், அது விளையாட்டில்லை. அப்போது கூட்டத்தைக் கண்டிப்பதைவிட, அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் இளகிய ஒருவரையும் ஒதுக்கப்பட்டவரையும் ஒரே வேலைக்கு, ஒரு வாரம் தண்ணீர்க் குடத்துக்கு, ஜோடியாகப் போடுவது பலிக்கும்.

அமைதியாக இருக்கும் பிள்ளைகள் கண்ணிலிருந்து தப்பிவிடுவார்கள். சண்டை போடாதவர், புகார் சொல்லாதவர், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவர். பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, "உனக்கு யார்கூட விளையாடப் பிடிக்கும்? மூணு பேர் சொல்லு" என்று கேட்டு எழுதிவையுங்கள். யாரைப் பிடிக்காது என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எழுதிப் பார்த்தால் யாருடைய பட்டியலிலும் வராத இரண்டு மூன்று பெயர்கள் தெரியும். அவர்களை அவர்களே சொன்ன மூவரில் ஒருவர் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் அடுத்த மாதத்து வேலை.

திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் இந்தி, ஒடியா பேசும் வீட்டுப் பிள்ளைகள் தமிழ்வழி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அடிப்பதாக வரும் புகார்களில் பல, சொல்லத் தெரியாததால் கை பேசுவது. தண்ணீர், கழிப்பறை, பசி, வலி, வேண்டாம் என்று ஐந்து பட அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்து அவர்கள் கையில் கொடுங்கள். மொழியைப் பாடத்துக்கு முன் விளையாட்டில் கற்றுக்கொள்வார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழியில் ஐந்து வார்த்தை சொல்லிக்கொடுக்கச் செய்தால், அந்த ஒரு நாளாவது அவர் வகுப்பின் ஆசிரியர்.

மதியம் இரண்டு மணிக்குத் தலை தொங்கும் பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதில் பயனில்லை. பாயில் இருபது நிமிடம் தூங்கவிட்டால் மீதி நேரம் ஒழுங்காக இருக்கும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் இப்படி என்றால் வீட்டோடு பேச வேண்டும். ஆறு வயதுக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். காலை ஆறரைக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். சீரியல் முடிந்துதான் விளக்கு அணையும் ஓரறை வீட்டில் இது எளிதல்ல. சத்தத்தைக் குறைத்து, பிள்ளையின் பாயை டிவிக்குப் பின்பக்கம் போடுவது வரைக்குமாவது முடியும். யூனிஃபார்ம், சாக்ஸ், பை மூன்றும் முந்தைய இரவே வாசலருகே இருந்தால் காலைக் கத்தலில் பாதி போகும்.

"இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "யாராவது அடிச்சாங்களா?" என்று தினமும் கேட்கும் வீட்டுப் பிள்ளை, பதில் சொல்வதற்காகவே நாள் முழுக்க அடிகளைச் சேகரிக்கும். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், யார் இன்றைக்கு வரவில்லை, என்ன விளையாட்டு என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு பெயரும் வரவில்லையென்றால் டீச்சரைப் போய்ப் பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்காமல், காலை உணவு நேரத்தில் தனியாகக் கேட்பது இருவருக்கும் நல்லது.

சாயங்காலம் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரம் கூடாது. டப்பா எண்ணி, பாய் சுருட்டி, நாளைக்கு வரிசையின் தலை யார் என்று சொல்லிவிட்டு, ஆறு ஆறு பேராகச் செருப்பிடம் அனுப்புங்கள். யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். புது மாமா யாராவது வந்தால் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும். காலாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் இரண்டு நாளும் ஜூன் மாதம் மாதிரியே நடத்துங்கள்: அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டி, வளையல் எங்கே மாட்டியிருக்கிறது என்று காட்டி, கை கழுவும் வரிசையை ஒருமுறை நடத்திப் பார்த்து. இரண்டு நாள் பாடம் பின்தங்கும். அந்த வாரக் கடைசிக்குள் அதை எட்டிப்பிடித்துவிடலாம்.